நாவலுக்கு அப்பா மட்டும்தானா?

புனேவுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு. மகள் இங்கேதான் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். போன வாரம் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தாள்: ஆங்கில நாவலின் தந்தை டீஃபோ, அப்புறம் ரிச்சர்ட்சன், ஃபீல்டிங்.

"அம்மா யாரும் இல்லையாடா?" என்றேன்.

"கைடுல இல்லப்பா."

வயிறு எரிந்தது. அதான் இந்தப் புலம்பல்.

'ராபின்சன் குரூசோ' வந்தது 1719. அதே வருஷம் லண்டனில் 'லவ் இன் எக்செஸ்' நாவலின் முதல் பாகமும் வந்து சக்கைப்போடு போட்டது. எழுதியவர் எலைசா ஹேவுட், டப்ளின் மேடையில் நடித்தவர். 1756-ல் சாகும்வரை எழுதித்தான் பிழைத்தார். 1744 முதல் 1746 வரை 'ஃபீமேல் ஸ்பெக்டேட்டர்' பத்திரிகை, மாதம் ஒன்றாக 24 இதழ். பெண்களுக்காக ஒரு பெண்ணே எழுதி நடத்தியதில் முன்னோடி அது. 1751-ல் 'பெட்ஸி தாட்லெஸ்' நாவல்.

கிடைத்த மரியாதை? 1728-ல் அலெக்ஸாண்டர் போப் தன் 'டன்சியாட்' கவிதையில் பதிப்பாளர்களுக்குச் சிறுநீர் கழிக்கும் போட்டி வைத்து, ஜெயித்தவனுக்கு இந்தம்மாவைப் பரிசாக்கினார். மகாகவியாம்!

இன்னொரு கொடுமை. 1721-ல் ஹேவுட் என்ற பாதிரியார் ஒருவர், மனைவி எலிசபெத் ஓடிப்போய்விட்டாள் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அவள்தான் எலைசா என்று 1915-ல் வந்த வாழ்க்கை வரலாறு எழுதிவிட்டது. ஆதாரமே இல்லை என்று ஆய்வாளர் கிறிஸ்டின் ப்ளவுச் காட்டியது 1991-ல். 76 வருஷம் ஓடுகாலிப் பட்டம், சும்மா!

"தரம் இருந்தா நிலைச்சிருக்கும் சார்" என்பீர்கள். அவர் எழுதியதெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை. காசுக்காக அவசரமாக எழுதியதும் உண்டு. டீஃபோவும் காசுக்கு எழுதிக் குவித்தவர்தானே? அவருக்கு அது உழைப்பு, இவருக்கு மட்டும் மட்டமா?

என் மகளும் ஒரு நோட்டில் கதை எழுதுகிறாள். யாரிடமும் காட்டமாட்டாள். அம்மாவே இல்லாத பரம்பரையில் எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும், சொல்லுங்கள்.

"பதில்ல எலைசா பேரையும் எழுதும்மா" என்றேன்.

"மார்க் போயிடும்ப்பா."

போகட்டும்.