வலி இல்லையா? அப்போதும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், வாடிப்பட்டி கிராமங்களில் மழை விழுந்தால் வயல் வேலை தொடங்கும். பாம்பும் வளையை விட்டு வெளியே வரும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து மாண்டவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர்! 2020-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லும் கணக்கு இது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலி இராது, வீக்கமும் இராது. பிறகு வயிறு வலிக்கும். கண் இமை தானாகச் சரியும். கடைசியில் மூச்சுத் திணறும். "அஜீரணம்" என்று கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் உயிரே போய்விடும்!

கண்ணாடி விரியனின் விஷம் வேறு மாதிரி. அது ரத்தத்தை உறைய விடாது. டாக்டர்கள் சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. ஆனால், கட்டுவிரியன் கடியை இந்தச் சோதனை காட்டாது. அங்கே சரியும் இமைதான் சாட்சி!

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆகவே, பாம்பைத் தேடி அடிக்க வேண்டாம். கயிற்றால் இறுக்க வேண்டாம். கத்தியால் கீற வேண்டாம். மந்திரிக்கப் போக வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கணக்கெடுப்பது அரசின் கடமை. காலத்தோடு கொண்டு சேர்ப்பது குடும்பத்தின் கடமை!