மடிக்கணினி விழித்தெழத் தாமதிப்பதேன்?



தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அன்று அதைப் பெற்ற பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டனர். கருவியோ, வடுகபட்டியில் பூண்டு மண்டிக் கணக்கு எழுதவும், தம்பி தங்கையர் விண்ணப்பம் அனுப்பவும் சில இல்லங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

“உள்ளதையெல்லாம் அழித்து விண்டோசைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள், சாமி, ஆனாலும் எழும்ப ஐந்து நிமிடம் ஆகிறதே!” என்று பெற்றோர் முறையிடுகின்றனர். உடனே மற்றொரு கடைக்குக் கொண்டுபோய் மீண்டும் அழித்துப் போடச் சொல்வோரும் உண்டு. இதுதான் வீண் செலவு. புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் முதல் ஓரிரு நாள் தனக்கு வேண்டிய திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கோப்புகளுக்கெல்லாம் தேடற்பட்டியல் தயாரிக்கும். மின்னிணைப்பும் இணைய இணைப்பும் கொடுத்து, ஓர் இரவு அதைத் தன் போக்கில் விட்டுவிடுங்கள்.

அதன் பின்னும் தாமதித்தால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்டப்’ என்னும் பகுதியில், கணினியோடு கூடவே எழும் நிரல்களின் பட்டியலைக் காணலாம். அரட்டைக்கும் பாட்டுக்கும் உரியவற்றை முடக்கிவிடலாம். நச்சுநிரல் காப்பு ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டு காப்புகளை வைத்துக்கொள்வது, ஒரே வாசலில் இரண்டு காவலர் ஒருவரையொருவர் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வளவு செய்தும் பயனில்லையெனில், குற்றம் பெரும்பாலும் வன்தட்டினுடையதே. பழைய மடிக்கணினிகளில் உள்ளது நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,400 முறை சுழலும் காந்தத் தட்டாகும். விண்டோஸ் எழுவதற்கு, அங்குமிங்கும் சிதறிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வாசிக்க வேண்டும். அத்தட்டின் முள்ளோ இடம் விட்டு இடம் நகர்ந்து, நொடிக்கு நூறு இடங்களை எட்டினாலே அதிகம். மண்டி முழுவதும் சிதறிய மூட்டைகளை ஒரே ஆள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருவதைப் போன்றது இது! எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அந்த ஆளின் கால் வேகம் கூடாது.

அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம் இதற்கு மாற்றாகும். இரண்டரை அங்குல சாட்டா வகையைக் கேட்டு வாங்கினால், பழைய தட்டு இருந்த இடத்திலேயே பொருந்தும். 240 ஜிபி அளவே வீட்டிற்குப் போதுமானது. நிமிடக்கணக்கில் எழுந்த கருவி நொடிக்கணக்கில் எழும். நினைவகம் 2 ஜிபி மட்டுமே இருப்பின், அதையும் 4 ஆக்குவது நலம்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்குப் பொதுவாக வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வங்கிப் பணி செய்வோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 11-ஐப் பெரும்பாலான பழைய கருவிகள் ஏற்பதில்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் அவற்றுக்கு ஏற்றது.

எதை நிறுவுவதாயினும், திருமணப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் முன்னதாகவே வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். அழித்து நிறுவும்போது அவையும் சேர்ந்தே அழியும். கழற்றிய பழைய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். சிறு உறையொன்றில் பொருத்தினால், யுஎஸ்பி வழியாக அந்தப் படங்களை அதிலேயே இன்னுமொரு படியாகச் சேமிக்கலாம்.