தறிவீட்டுக் குழந்தையின் முதற் பாடம்

கல்வியைப் பற்றிய விவாதம் நமது நாட்டில் என்றும் ஓய்ந்ததில்லை. சர்வகலாசாலைக்குத் துணைவேந்தரை நியமிப்பது யார், எந்தப் பாஷையில் போதிப்பது, எந்த வகுப்பில் பரீட்சை வைப்பது என்றெல்லாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆனால் மூன்று வயதுக் குழந்தை பகற்பொழுதில் யாருடன் பேசுகிறது, அதன் கையில் என்ன இருக்கிறது என்று எந்த மேடையிலும் எவரும் கேட்பதில்லை. அது அடுப்பங்கரை விஷயம் என்று ஆண்கள் ஒதுக்கிவிட்டார்கள். இந்த அலட்சியத்தின் நஷ்டம் முழுவதும் ஏழைக் குழந்தையின் தலையிலேயே விழுகிறது.

பள்ளிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். காவிரியின் அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம். காகித ஆலையும் சர்க்கரை ஆலையும் இருந்தபோதிலும், இவ்வூரிலும் பக்கத்துக் குமாரபாளையத்திலும் ஏராளமான ஜனங்களின் ஜீவனம் விசைத்தறியை நம்பியே நடக்கிறது. முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிப்பதற்காகவே தறி ஓட்டும் குடும்பங்கள் அனேகம். புருஷன் தறியில் நிற்பான். மனைவி மற்றொரு தறியில் நிற்பாள், அல்லது நூல் சுற்றுவாள். குழந்தை கூடத்துக்கு அருகிலேயே வளரும். தறி ஓடும் இடத்தில் மனிதக் குரல் எடுபடுவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடமே ஜாடை காட்டித்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு இது காதுக்குக் கேடு. குழந்தைக்கோ கல்விக்கே கேடு. ஏனெனில், குழந்தை கற்கும் முதல் வித்தை பேச்சு. அது பிறர் பேசக் கேட்டும், தான் பேசிப் பதில் பெற்றும் வருவது. மணிக்கணக்கில் பேச்சே காதில் விழாத குழந்தைக்கு, பின்னர் வாத்தியார் சொல்லும் சொற்களில் பல புதியவையாக இருக்கும். அதற்கு 'மந்தம்' என்று பட்டம் சூட்டுகிறோம். மந்தம் குழந்தையிடத்தில் இல்லை.

பெற்றோர்களும் இந்தக் கவலை இல்லாதவர்களல்லர். தாங்கள் படிக்காதவர்கள், தங்களால் ஒன்றும் சொல்லித்தர இயலாது என்று அஞ்சி, கடன் வாங்கியாவது மூன்று வயதிலேயே இங்கிலீஷ் நர்ஸரியில் சேர்க்கிறார்கள். அங்கே பல இடங்களில் நடப்பது என்ன? விரல் பிடிப்பு உறுதிப்படும் முன்னரே பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுகிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று பழமொழியும் சொல்லுகிறார்கள். வளைப்பது வேறு, முறிப்பது வேறு என்பதை அவர்கள் அறியவில்லை. முன்பணத்தின் மேல் பள்ளிக் கடனும் ஏறுகிறது; குழந்தையோ பொருள் தெரியாத எழுத்துக்களைப் பார்த்து எழுதும் யந்திரமாகிறது.

ஏழைக் குழந்தைக்கு ஏற்ற முறையை உலகம் கண்டறியாமல் இல்லை. 1907-ல் மரியா மாண்டிஸோரி அம்மையார் ரோமாபுரியில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது, பிரபுக்களின் குழந்தைகளுக்காக அல்ல. வேலைக்குப் போகும் ஏழைகள் வசித்த ஸான் லொரன்ஸோப் பகுதியின் குழந்தைகளுக்காக. கையால் தொட்டு, அடுக்கி, ஊற்றி, துடைத்து அவை கற்றன. 1939-ல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று அவர் பெயர் நமது நகரங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் பள்ளிகளின் பெயர்ப் பலகையாகிவிட்டது விந்தையே.

இந்தியாவில் அந்த முறையை ஏழையின் வாசலுக்குக் கொண்டு சென்றவர் தாராபாய் மோடக் அம்மையார். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் கிராமத்தில் அவர் வேலையைத் தொடங்கினார். ஆதிவாசிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களுடைய குடிசை முற்றத்துக்குச் சென்றது. விலை உயர்ந்த சாதனங்களுக்குப் பதிலாகக் கூழாங்கல்லும் விதையும் இலையும் போதனைக் கருவிகளாயின. 'அங்கன்' என்றால் முற்றம் என்று பொருள். இன்று நமது ஊர்தோறும் உள்ள அங்கன்வாடியின் பெயரிலேயே அந்த உபதேசம் அடங்கியிருக்கிறது.

காசில்லாத விளையாட்டால் என்ன விளையும் என்று கேட்போருக்கு ஜமெய்க்காத் தீவு பதில் கூறுகிறது. 1986-87-ல் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதார ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வருஷம் சென்றார்கள். வீட்டில் கிடைத்த பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு, குழந்தையுடன் பேசவும் விளையாடவும் தாய்மாருக்குக் காட்டிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்குப் பின்னர் அக்குழந்தைகள் பெரியவர்களாகிச் சம்பாதித்தபோது, இந்த உதவி பெறாதவர்களைக் காட்டிலும் அவர்களுடைய வருமானம் 25 சதவிகிதம் அதிகமாக இருந்தது என்று 2014-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இந்தப் பலனைத் தந்தது பொம்மையின் விலை அல்ல. பெரியவர் ஒருவர் குழந்தையோடு உட்கார்ந்து பேசிய பேச்சு.

அப்படியானால் பள்ளிபாளையத்துத் தறிவீட்டில் என்ன குறை? சாமான்களுக்குக் குறையே இல்லை. வெட்டி எறியும் கழிவு நூலில் சிவப்பையும் பச்சையையும் பிரித்து வைக்கச் சொன்னால், நிறமும் இனம் பிரித்தலும் வந்துவிடும். நூல் தீர்ந்த காலிக் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எண்ணும் பழக்கமும் கை நிதானமும் உண்டாகும். துண்டின் கரையைக் காட்டி, இரண்டு சிவப்புக்கு அடுத்தது ஒரு வெள்ளை, அதற்கடுத்தது என்ன என்று கேட்டால் அதுவே கணக்கின் ஆரம்பம். பாத்திரத்துக்குப் பாத்திரம் தண்ணீர் ஊற்றினால் அதிகம், குறைவு விளங்கும். வாசற்கோலத்தின் புள்ளிகளை எண்ணலாம். தட்டில் மணலைப் பரப்பி விரலால் 'ட' எழுதலாம், 'ப' எழுதலாம். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுதக் கற்றார்கள். சரியாக வராவிட்டால் மணலைத் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். அதட்டலும் வேண்டாம், அடியும் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது கதை. படிக்கத் தெரியாத தாயும் கதை சொல்லலாம், விடுகதை போடலாம், இன்று சந்தையில் என்ன வாங்கினோம் என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாம். காத்திருப்பதுதான் முக்கியம். குழந்தை திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும் வரையில் பொறுப்பவரே நல்ல ஆசிரியர். கைபேசியைக் கையில் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. கைபேசி ஓயாமல் பேசும், ஆனால் குழந்தை சொல்லுவதைக் கேட்காது.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயதுக் குழந்தையிடம் புளியங்கொட்டை, பயறு, மணி முதலிய சிறு பொருள்களைக் கொடுக்கலாகாது. ஓடுகிற தறிக்கு அருகே எந்த வயதுக் குழந்தையையும் விடலாகாது. கற்பிக்கும் இடம் கூடத்துக்கு வெளியே, திண்ணையிலோ முற்றத்திலோ இருக்கட்டும். தறி ஓயும் வேளையில் அரைமணி நேரம் போதும்.

அந்த அரைமணி நேரம் எங்கே இருக்கிறது என்று தறிக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. பன்னிரண்டு மணி நேரம் நின்றவளிடம் போய், குழந்தையோடு விளையாடு என்று உபதேசம் செய்வது எளிது. ஆகவே இது வெறும் வீட்டு விஷயமல்ல. கூலி விஷயம், வேலை நேர விஷயம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. நாலைந்து பேர் நிற்கும் சிறு தறிக்கூடத்துக்கு அந்த விதியால் என்ன பயன்?

வீட்டில் கற்பிக்கச் சொல்லுவது சர்க்காரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகாதா என்றும் சிலர் கேட்கலாம். ஆகாது, நாம் விடுவிக்கவும் மாட்டோம். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு 'முயல வேண்டும்' என்று அரசியல் சாஸனத்தின் 45-ஆவது விதி கூறுகிறது. முயல்வது வேறு, கொடுப்பது வேறு. 1975 அக்டோபர் 2-ல் காந்தியடிகளின் ஜெயந்தியன்று தொடங்கிய திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டில் இன்று ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. உணவு, எடை, தடுப்பூசி, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே ஊழியர் சுமந்தால் பாடத்துக்கு நேரம் ஏது? நமது மாகாணத்திலேயே நான்கு ஜில்லாக்களில், அரைநாள் வேலைக்கு ஒரு ஊழியரைக் கூடுதலாக நியமித்துச் சோதித்தபோது, கற்பிக்கும் நேரம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. குழந்தைகளின் கல்வியும் உயர்ந்தது. வழி தெரிந்த பின்னரும் தயங்குவதற்கு நியாயமில்லை.

தொழிற்சங்கத்தாருக்கும், கட்சித் தொண்டர்களுக்கும், நகராட்சி அங்கத்தினர்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். கூலி ஒப்பந்தப் பேச்சில் போனஸ் சதவிகிதத்தோடு குழந்தைக் காப்பகத்தையும் கோரிக்கையாக வையுங்கள். வார்டுதோறும் உள்ள அங்கன்வாடியில் இரண்டாவது ஊழியர் வேண்டும் என்று மகஜர் எழுதுங்கள். அது கிடைக்கும் வரை காத்திராமல், இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு ஒரு கதை சொல்லுங்கள். எழுத்தறிந்த ஆண்மகனுக்கு அது இழுக்கல்ல. நாட்டின் நாளைய பிரஜைக்காக மேடையில் மூன்று மணி நேரம் பேசுகிறவர், அந்தப் பிரஜையோடு அரைமணி நேரம் பேசக் கூடாதா?