ஒண்ணேகால் மணி நேரமாம்!

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெரியப்பா இறந்துபோனார். காலை எட்டு மணிக்கு எனக்கு சென்னைக்கு போன். ‘11 மணிக்கு ஃபிளைட் இருக்கு, ஒண்ணேகால் மணி நேரம்தான், வந்துடுறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கரிசல் வெயிலில் ஊரே காத்திருந்தது. ஒரு மணி வரை பார்த்தார்கள். இரண்டரை வரை பார்த்தார்கள். நான் போய் இறங்கியபோது மயானத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணேகால் மணின்னியேப்பா...” என்றார் சித்தப்பா. கோபத்தில் அல்ல, நிஜமாகவே புரியாமல்.

யார் சொன்னது பொய்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு காக்கை பறக்கும் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். ஜெட் வேகத்தில் அரை மணிதான். டிக்கெட்டில் ஒண்ணேகால் என்று போடுவது ஏன்? அங்கே சக்கரத்திலிருந்து முட்டுக்கட்டையை எடுப்பதிலிருந்து இங்கே முட்டுக்கட்டை வைப்பது வரை அவர்கள் கணக்கு. அதாவது அது விமானத்தின் பயண நேரம். உங்களுடையது அல்ல!

உங்கள் நேரம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. சென்னை டிராஃபிக் ஒரு மணி. கவுன்ட்டரை ஒரு மணி முன்னாடியே மூடிவிடுவார்கள், அதற்கும் முன்னால் போய் நிற்க வேண்டும். இறங்கி, பெட்டி எடுத்து, மெயின் ரோட்டுக்கு வந்து, அருப்புக்கோட்டை பஸ் பிடித்து, அங்கே திருச்சுழிக்கு மாறி, அப்புறம் கிராமத்துக்கு எப்போது வருமென்று தெரியாத டவுன் பஸ்! 420 கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மணி, கடைசி 50 கிலோமீட்டருக்கு மூன்று மணி. ‘டாக்ஸியில் போக வேண்டியதுதானே?’ என்பீர்கள். பணம் இருந்தால் போகலாம். துபாயிலிருந்து சாவுக்கு ஓடிவரும் கொத்தனாரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸுக்கு 350 கிலோமீட்டர்தான். விமானத்தில் ஒண்ணேகால் மணி, ரயிலில் இரண்டேகால் மணி. ஆனாலும் கூட்டம் ரயிலில்தான். ஏன்? ரயில் ஊருக்கு நடுவில் கொண்டுபோய் விடுகிறது. அவர்கள் வாசலுக்கு வாசல் எண்ணுகிறார்கள்.

நாம்? மதுரை ஏர்போர்ட்டைப் பெரிதாக்கு என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். செய்யட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஃபிளைட் இறங்குகிற நேரத்துக்கு அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ் விடுங்கள் என்று மனுக் கொடுத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சீமைக் கருவேலங்காட்டில் கல் நட்டவன் மட்டும் ‘ஏர்போர்ட் 15 நிமிடம்’ என்று போர்டு வைத்துவிட்டான்!

திருச்சுழியில் பிறந்த ரமணர் 1896-ல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது, பழைய அட்லஸைப் பார்த்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போவது அதில் இல்லை. ஆகஸ்ட் 29 கிளம்பியவர் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 1.

அவருக்காவது மலை காத்திருந்தது. அருணாசலம் எங்கேயும் போய்விடாது. பெரியப்பாவால் காத்திருக்க முடியவில்லை.

அடுத்த தடவை யாராவது ‘ஒண்ணேகால் மணி நேரம்’ என்றால் கேளுங்கள்: ‘எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு?’