நாப் பிறழின் பொருள் பிறழும்

பழவேற்காடு அயலார் நாவிற் 'புலிகாட்' ஆயிற்று. சோழவரம் 'சோலவரம்' ஆயிற்று. அவர்தம் நாவுக்கு ழகரம் பழக்கமன்று, பொறுக்கலாம். ஆனால், அவ்வூர்களைச் சூழ வாழும் தமிழரிலும் பலர் பழத்தைப் 'பயம்' என்றும் 'பளம்' என்றும் பலுக்குவதை எங்ஙனம் பொறுப்பது?

குறை நாவிலன்று, பயிற்றலிலேயே உள்ளது. 'சிறப்பு ழகரம்' எனப் பள்ளியிற் பெயர் சொல்லித் தருகின்றனரேயன்றி, நா எங்கு நிற்றல் வேண்டும் எனக் காட்டுவோர் மிகச் சிலரே. நுனிநா மேற்பல்லின் அடியைத் தொடின் லகரம். மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடின் ளகரம். அவ்வாறே வளைந்தும் அண்ணத்தில் ஒட்டாது, காற்றுக்கு இடைவெளி விட்டு நிற்பின் ழகரம். வலி, வளி, வழி என்னும் மூன்றையும் வேறுபடுத்துவது இவ்வளவே! பழவேற்காட்டு வலையில் வீழ்வது வாளை. தோட்டத்திற் குலை தள்ளுவது வாழை. நா தவறின் மீனும் மரமும் ஒன்றாகிவிடும்.

எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் கூறப் பிறப்பியல் எனத் தனியியலே வகுத்தார் தொல்காப்பியர். அதனை மனப்பாடப் பகுதியாக்கி, வாய்ப்பயிற்சியைக் கைவிட்டோம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பிற மாநிலத்தார் பலர் பிழைக்க வருகின்றனர். அவர்தம் பிள்ளைகள் தமிழைக் கேட்டே கற்பர். கேட்பது பிழையாயின் கற்பதும் பிழையே. எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மையிடும் ஆசிரியர் முதலில் தம் நாவைத் திருத்துக. பின் மாணவர் நாவைத் திருத்துக!