சொற்பட்டியல் விற்கிறார்கள்; வாசிப்பை யார் தருவது?



பட்டம் முடித்த நம் பிள்ளைகளுள் சிலர் முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கா செல்ல விழைகின்றனர். அதற்காக அவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வு ஜி.ஆர்.இ. இன்னும் பலர், உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டி ‘மூவெட்’ எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வை எழுதுகின்றனர். இவ்விரு தேர்வுகளுள் எது நெருங்கினாலும் நம் தெப்ராவ் வட்டாரத்தில் இரண்டு குரல்கள் தவறாமல் கேட்கின்றன. “மூன்றே மாதத்தில் மூவாயிரம் ஆங்கிலச் சொற்கள்” என்று கூவி அழைக்கும் வணிகக் குரல் ஒன்று. “தமிழ்ப்பள்ளியில் போட்டதால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை” என்னும் புலம்பல் குரல் மற்றொன்று.

இரண்டும் தவறு. அதுமட்டுமன்று, இரண்டும் ஒரே தவற்றிலிருந்து பிறந்தவை. வாசிப்பு என்பது என்னவென்று அறியாமையே அத்தவறு.

“ஜி.ஆர்.இ. பற்றிப் பேசத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு என்ன தகுதி?” என்று சிலர் கேட்கக்கூடும். இருபத்திரண்டு அகவையில் எழுதும் தேர்வுக்கான அடித்தளம் ஏழு அகவையில் இடப்படுகிறது. அந்த ஏழு அகவைக் குழந்தை எங்கள் வகுப்பறையில்தான் அமர்ந்திருக்கிறது. ஆகவே இது எங்கள் வேலைதான்.

முதலில் தேர்வையே பார்ப்போம். ஒரு காலத்தில் ஜி.ஆர்.இ. தேர்வின் மொழிப் பகுதியில் எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன. சொற்களுக்கிடையிலான உறவை ஒப்பிடும் கேள்விகளும் இருந்தன. அன்று 3,500 சொற்கள் அடங்கிய பட்டியல் நூலை வாங்கி, அகர வரிசையில் உருப்போட்டவர்கள் ஏராளம். ஆனால், 2011 ஆகஸ்டு மாதத்தில் தேர்வு திருத்தியமைக்கப்பட்டபோது அவ்விரு வகைக் கேள்விகளும் நீக்கப்பட்டன. இன்று இருப்பவை மூன்று வகை. பத்தியை வாசித்துக் கருத்துணர்தல் ஒன்று. பத்தியில் விடுபட்ட இடங்களை நிரப்புதல் இரண்டாவது. ஒரே வாக்கியத்தை ஒரே பொருள்பட முடிக்கும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தல் மூன்றாவது. 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பிறகு, மொழிப் பகுதியில் 27 கேள்விகள். நேரம் 41 நிமிடங்கள். கேள்வி ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்!

மூவெட் தேர்வும் இதே திசையில்தான் நிற்கிறது. 2021 முதல் நடப்பிலுள்ள அமைப்பில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்குக்கும் தலா 25 விழுக்காடு. வாசிப்புத் தாளில் 75 நிமிடங்களில் 40 கேள்விகள். எந்தத் தாளும் “இச்சொல்லின் பொருள் என்ன?” என்று தனியே கேட்டுவிட்டுப் போவதில்லை. எழுத்தாளர் என்ன சொல்கிறார், எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார், எதைச் சொல்லாமல் உணர்த்துகிறார் என்றுதான் கேட்கின்றன.

நிலைமை இப்படியிருக்க, இன்னமும் பட்டியல் விற்பவரை என்னவென்பது? வாங்குபவரை என்னவென்பது?

சொல் என்பது பட்டியலில் வாழ்வதன்று, வாக்கியத்தில் வாழ்வது. ஆங்கிலத்தில் ‘சாங்ஷன்’ என்றொரு சொல் உண்டு. ஓரிடத்தில் அதன் பொருள் இசைவளித்தல். இன்னோரிடத்தில் தண்டனையாக விதிக்கும் தடை. ஒன்றுக்கொன்று நேர் எதிர்! ‘குவாலிஃபைட்’ என்றால் ‘தகுதி பெற்ற’ என்று பட்டியல் சொல்லும். ஆனால், ஒரு கொள்கைக்கு ஓர் அறிஞர் ‘குவாலிஃபைட்’ ஆதரவு தந்தார் என்று பத்தியில் வந்தால், அது முழு ஆதரவன்று. வரையறைக்கு உட்பட்ட ஆதரவு. பட்டியலை மனனம் செய்தவர் இங்கே இடறி விழுவார். வாசித்துப் பழகியவர் முன்பின் வாக்கியங்களைப் பார்த்து நிதானித்துக் கொள்வார்.

இது நமக்குப் புதிதா? ‘படி’ என்ற சொல்லைப் பாருங்கள். நூலைப் படி, மாடிப்படி, ஒரு படி அரிசி, சொன்னபடி செய். இவை எல்லாவற்றையும் நம் பிள்ளை எந்தப் பட்டியலைப் பார்த்துக் கற்றது? கேட்டும் வாசித்தும் கற்றது. தாய்மொழிக்குப் பொருந்தும் இந்த இயல்பு ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

மனனத்தின் வலிமை எவ்வளவு என்பதும் நெடுநாள் முன்பே அளக்கப்பட்டுவிட்டது. செருமானிய அறிஞர் எர்மன் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். பொருளோடு ஒட்டாதவை ஒரே நாளில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகின்றன. மூன்று மாதத்தில் 3,000 சொற்கள் என்றால் நாளொன்றுக்கு 33 சொற்கள். இன்று ஏறும் 33, நேற்று ஏறிய 33ஐத் தள்ளிவிட்டுத்தான் ஏறும்!

மேலும், தேவையான அளவே வேறு. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில நாவலையும் நாளிதழையும் பிறர் துணையின்றி வாசிக்க ஏறத்தாழ 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். இதை எந்தப் பிரத்தியேக வகுப்பும் மூன்று மாதத்தில் ஊட்டிவிட முடியாது. ஆண்டுக்கணக்கில் வாசித்தவருக்கே அது வாய்க்கும்.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். ஒரு சிறுவன் நிமிடத்துக்கு 100 சொற்கள் வாசிக்கிறான். நாளுக்கு 20 நிமிடம் வாசிக்கிறான். நாளுக்கு 2,000 சொற்கள். ஆண்டுக்கு 730,000 சொற்கள். தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 4,380,000 சொற்கள்! இந்தச் செல்வத்தைச் சேர்த்தவனுக்கு முன்னால் 3,000 சொற்பட்டியல் எம்மாத்திரம்? செலவோ நாளுக்கு இருபதே நிமிடம்.

இனி, இரண்டாவது குரலுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியால் ஆங்கிலம் கெட்டதா?

கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். முதன்மொழியில் பெறும் வாசிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கிறது என்பது அதன் சாரம். சிறுகதை ஒன்றில் கதைமாந்தரின் உள்நோக்கத்தை ஊகிக்கக் கற்ற குழந்தை, அத்திறனை மொழி மாறியதும் தொலைத்துவிடுவதில்லை. கட்டுரையின் மையக்கருத்தைப் பிடிப்பது, ‘ஆனால்’ என்ற சொல் வந்ததும் வாதம் திரும்புகிறது என்று உணர்வது, சான்று எது, கருத்து எது என்று பிரித்தறிவது ஆகியவை எல்லாம் தமிழில் கற்றாலும் ஆங்கிலத்தில் பயன்படும். ஜி.ஆர்.இ.யும் மூவெட்டும் சோதிப்பவை இவற்றைத்தான்!

ஆனால், இது தானாக நடந்துவிடாது. ஆங்கில நூலும் கையில் இருக்க வேண்டும். தமிழ் வாசிப்பும் உண்மையான வாசிப்பாக இருக்க வேண்டும். இங்கேதான் நாம் நம் வகுப்பறையை நேர்மையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று மொழியணிகளைப் பட்டியலாகத் தந்து, பொருளை உருப்போடச் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்க விடுவது எந்த வகைக் கல்வி? தமிழில் பட்டியல் கொடுத்து வளர்த்த பிள்ளை ஆங்கிலத்திலும் பட்டியலைத்தான் தேடும். கருத்துணர்தல் பகுதியில் கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதினால் போதும் என்று பழக்கினால், ஊகித்து உணரும் திறன் எப்படி வளரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியையே ஏட்டுச் சுரைக்காயாக்கி விடலாமா?

மொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் நாடு ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளிகளும் விலக்கன்று. 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பாடநூலின் மொழியை அரசாணையால் மாற்றலாம். வாசிப்புப் பழக்கத்தை எந்த ஆணையாலும் உண்டாக்க முடியாது.

பெற்றோரின் நிலையை நான் அறியாதவனல்லன். தோட்டங்கள் நிறைந்திருந்த தெப்ராவ் இன்று பேரங்காடிகளும் வீடமைப்புப் பகுதிகளுமாக மாறிவிட்டது. விடியுமுன் எழுந்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தாயும் தந்தையும் இங்கு ஏராளம். ஆங்கிலம் அறிந்தவர் பெறும் ஊதியத்தை அவர்கள் நாள்தோறும் கண்ணால் காண்கிறார்கள். களைத்து வீடு திரும்புபவருக்குப் பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டுவது எளிது. பிள்ளையோடு அமர்ந்து வாசிப்பது கடினம். அந்த அச்சத்தையும் களைப்பையும்தான் பட்டியல் வணிகம் காசாக்குகிறது. என் சினம் பெற்றோர் மீதன்று. அந்த வணிகத்தின் மீது.

பட்டியலே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. உயர்கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவையே. வாசிக்கும் பழக்கமுள்ளவருக்கு இது நல்ல துணை. உப்பு உணவுக்கு வேண்டும். உப்பையே உணவாக உண்ண முடியுமா?

ஆகவே, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

1. தேர்வெழுதும் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை முழுமையாக வாசிக்கட்டும். ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஒரே வரியில் தம் சொந்தச் சொல்லில் எழுதட்டும். தமிழில் எழுதினாலும் குற்றமில்லை.

2. புதிய சொல்லைத் தனியாகக் குறிக்காமல், அது வந்த வாக்கியத்தோடு குறிக்கட்டும். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பார்க்கட்டும். நாளுக்கு ஐந்து சொல் போதும்.

3. தேர்வு வாரியம் வெளியிடும் மாதிரித் தாள்களை நேரம் வைத்துச் செய்யட்டும். தவறான விடை ஏன் தவறு என்பதைப் பத்தியிலிருந்தே காட்டப் பழகட்டும்.

4. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், இருபது நிமிட வாசிப்பைச் சோறு போல் கட்டாயமாக்குங்கள். ஒருநாள் தமிழ், ஒருநாள் ஆங்கிலம், ஒருநாள் மலாய் என்று மாறி வரட்டும். வாசித்து முடித்ததும் “எத்தனை பக்கம்?” என்று கேட்காதீர்கள்; “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேளுங்கள்.

5. ஆசிரியர்கள், பாட வேளையில் பத்து நிமிடமாவது தேர்வுக்குத் தொடர்பில்லாத நூலை மாணவர் வாசிக்க இடம் கொடுங்கள். மரபுத்தொடரைக் கதையில் கண்ட பிறகு பட்டியலில் காட்டுங்கள்.

தேர்வுகள் நிலையானவை அல்ல. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. பி.டி.3 தேர்வு 2022இல் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் பல துறைகள் முதுகலைச் சேர்க்கைக்கு ஜி.ஆர்.இ. கட்டாயமில்லை என்று விட்டுவிட்டன. ஆனால், அத்துறைகளில் சேரும் மாணவர் வாரந்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்களை வாசித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கடமையை எந்தப் பல்கலைக்கழகமும் கைவிடவில்லை. தேர்வுக்காக மட்டும் சேர்த்த சொற்கள் அங்கே மூன்று நாளுக்கும் தாங்கமாட்டா. வாசித்து வளர்ந்த பிள்ளை, எந்த மொழியில் தொடங்கியிருந்தாலும், அங்கே நிமிர்ந்து நிற்கும்.

அடுத்த முறை சொற்பட்டியல் விளம்பரம் கைக்கு வந்தால், அந்தக் கட்டணத்துக்கு எத்தனை நூல்கள் வாங்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.