ஊர் கூப்பிடுவது 'எல்ஐசிகாரர்'... ஆனால் சம்பளம் கிடையாது: ஒரகடம் முகவர்களுக்கு என்ன சிக்கல்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் அறைக்குத் திரும்பும் நேரம்தான், எல்ஐசி முகவருக்கு வேலை தொடங்கும் நேரம். ஊரில் அவரை 'எல்ஐசிகாரர்' என்றுதான் கூப்பிடுவாங்க. ஆனால் சட்டப்படி அவர் எல்ஐசியின் ஊழியரே கிடையாது.

ஊழியர் வேறு, முகவர் வேறு

245 காப்பீட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி 1956-ல் உருவானது எல்ஐசி. அதன் நிரந்தர ஊழியர்கள் சுமார் 1.1 லட்சம் பேருக்கு 17 சதவீத ஊதிய உயர்வை 2024 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்தது. 2022 ஆகஸ்ட் முதல் கணக்கிட்டு இது வழங்கப்பட்டது. 2021 மே முதல் எல்லா சனிக்கிழமையும் அவர்களுக்கு விடுமுறை.

முகவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வருமானம் என்றால் கமிஷன்தான். 2023-ல் இவர்களுக்கான கிராஜுவிட்டி உச்சவரம்பு 3 லட்சத்தில் இருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. டேர்ம் காப்பீடும் 25,000 முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை கூட்டப்பட்டது.

2024 அக்டோபரில் என்ன மாறியது?

முன்பெல்லாம் எண்டோமென்ட் பாலிசியில் ஒரு வருஷம் பணம் கட்டி நிறுத்தினால், கட்டிய காசு போச்சு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதை மாற்றியது. முதல் ஆண்டு பிரீமியத்தை முழுசா கட்டியிருந்தாலே, ஆண்டு முடிவில் சரண்டர் தொகை உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

பாதியில் விலகுபவருக்குக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும் என்பதால் நிறுவனத்தின் செலவுக் கணக்கு மாறியது. எல்ஐசியில் முதல் ஆண்டு கமிஷன் 35 சதவீதத்தில் இருந்து 28 ஆகக் குறைந்தது. புதுப்பித்தல் கமிஷன் 5-ல் இருந்து 7.5 சதவீதமாக உயர்ந்தது. எண்டோமென்ட் திட்டத்தில் குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகையும் 1 லட்சத்தில் இருந்து 2 லட்சம் ரூபாயானது. முகவர் சங்கங்கள் எதிர்ப்பு தெரிவித்தன.

கணக்கு போட்டுப் பார்த்தால்...

ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு முதல் ஆண்டில் 8,400 ரூபாய் கமிஷன், இப்போது 6,720. அதாவது 1,680 ரூபாய் குறைவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் 5 சதவீதம் என்றால் 1,200; 7.5 சதவீதம் என்றால் 1,800. ஆண்டுக்கு 600 ரூபாய்தான் கூடுதல். இழந்ததை ஈடுகட்டவே குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை பாலிசி உயிரோடு இருக்கணும்.

ஒரகடத்தில் ஏன் கூடுதல் சிக்கல்?

இங்கேதான் விஷயமே இருக்கு. இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தால் வேலை போகும், அறை காலியாகும், பிரீமியமும் நிற்கும். பல மாதம் அலைந்து பிடித்த பாலிசி காலாவதியானால் முகவரின் புதுப்பித்தல் கமிஷனும் நின்றுவிடும். குறைந்தபட்சத் தொகை இரட்டிப்பானதால், சின்னச் சம்பளக்காரரிடம் சின்ன பாலிசி விற்பதும் கஷ்டம்.

அப்போ விதி தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. வேலை இழக்கும் தொழிலாளிக்கு இது நியாயமான பாதுகாப்பு. அதன் சுமையில் ஒரு பங்கு, சம்பளமே இல்லாத முகவர் தலையில் விழுவதுதான் சிக்கல்.

தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது

மாதத் தவணை தவறினால் 15 நாள், மற்ற தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. காலாவதியான பாலிசியை, முதலில் தவறிய பிரீமியம் தேதியில் இருந்து பொதுவாக 5 ஆண்டுகளுக்குள் புதுப்பிக்கலாம். சரண்டர் செய்யும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

புதிதாக வருபவர்களுக்கு?

2024 டிசம்பர் 9-ல் தொடங்கிய 'பீமா சகி' திட்டத்தில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு முதல் ஆண்டில் மாதம் 7,000, இரண்டாம் ஆண்டில் 6,000, மூன்றாம் ஆண்டில் 5,000 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. இலக்கை எட்டுவது, பாலிசிகள் காலாவதியாகாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. இதுவும் நிரந்தர வேலை கிடையாது. மூன்று ஆண்டுகள் முடிந்தால், அவர்களும் கமிஷனை மட்டுமே நம்ப வேண்டும்.